வெளிநாட்டில் ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கச் சான்றிதழ் வேண்டுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வியட்நாமின் ஹோ சி மின் நகரில் ஆறு வருடம் ஆங்கில ஆசிரியையாக இருந்துவிட்டு இப்போது திருச்சியில் இருக்கிறேன். வாரத்துக்கு இரண்டு மூன்று பேராவது போன் செய்து சான்றிதழ் பற்றிக் கேட்கிறார்கள். பி.ஏ. ஆங்கிலம் முடித்த பிள்ளைகள், தனியார் பள்ளி ஆசிரியைகள், ஐ.டி. வேலையை விட்டுவிட்டு வேறு வழி தேடுகிறவர்கள். அவர்களில் பாதிப் பேர் எங்கேயோ பணத்தைக் கட்டிய பிறகுதான் கேட்கிறார்கள். அது எனக்கு மிகவும் கஷ்டமாக இருக்கிறது. கட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை படிக்கட்டும் என்றுதான் இதைத் தொகுத்தேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

டெஃபில், டெசால், செல்ட்டா... எல்லாம் ஒண்ணுதானே அக்கா?

இல்லை. டெஃபில், டெசால் இரண்டும் துறையின் பெயர்கள். ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் துறை. "டெஃபில் சான்றிதழ்" என்று யார் வேண்டுமானாலும் அச்சடித்துக் கொடுக்கலாம். அந்தப் பெயர் யாருக்கும் சொந்தமில்லை.

செல்ட்டா என்பது கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் தேர்வுப் பிரிவு தரும் ஒரு குறிப்பிட்ட சான்றிதழ். லண்டன் டிரினிட்டி கல்லூரி தரும் 'சர்ட் டெசால்' அதற்கு இணையானது. இரண்டுமே இங்கிலாந்தின் கல்வித்தகுதி வரிசையில் 5ஆம் நிலையில் இருக்கின்றன. வேலை விளம்பரத்தில் "செல்ட்டா அல்லது அதற்கு இணையானது" என்று இருந்தால் பெரும்பாலும் இந்த இரண்டைத்தான் மனதில் வைத்திருப்பார்கள்.

இங்கிலீஷ் நல்லா சரளமா பேசுவேன். அது போதாதா? சர்டிஃபிகேட் எதுக்கு?

ஒரு சான்றிதழ் மூன்று வேலைகளைச் செய்யலாம். ஒன்று, விசாவுக்கும் ஒர்க் பெர்மிட்டுக்கும் அரசாங்கம் கேட்கும் தாள். இரண்டு, இன்டர்வியூவுக்குக் கூப்பிட வைக்கும் தகுதி. மூன்று, வகுப்பில் நின்று சொல்லிக் கொடுக்க உண்மையிலேயே கற்றுக்கொள்வது. எல்லாச் சான்றிதழும் மூன்றையும் செய்யாது. விசாவுக்கு மட்டும் உதவுகிற தாளை வாங்கிவிட்டு, "இதை வைத்து நல்ல இடத்தில் வேலை கிடைக்கவில்லையே" என்று வருத்தப்படுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். எதற்காகப் பணம் கட்டுகிறீர்கள் என்று முதலில் தெளிவு வேண்டும். கீழே இருக்கும் பல பதில்களில் இந்த மூன்றுக்கும் திரும்பத் திரும்ப வருவேன்.

சரளம் பற்றி ஒரு வார்த்தை. நாம் தமிழ் பேசுகிறோம். "வந்தான்" என்பதற்கும் "வந்திருக்கிறான்" என்பதற்கும் என்ன வித்தியாசம் என்று ஒரு வெளிநாட்டுக்காரர் திடீரென்று கேட்டால் எத்தனை பேரால் உடனே விளக்க முடியும்? பேசுவது வேறு, அதைப் பிரித்துக் காட்டுவது வேறு. ஆங்கிலத்தை இலக்கணம் போட்டுப் படித்து வந்த நமக்கு இதில் ஒரு சாதகம் உண்டு. ஆனால் அதுவும் பழகினால்தான் கைகூடும்.

டிகிரி கட்டாயமா? நான் டிப்ளமோதான் முடிச்சிருக்கேன்.

ஜப்பான், தென் கொரியா, சீனா, தாய்லாந்து ஆகிய நாடுகளில் சட்டப்படி ஆசிரியராக வேலை செய்ய இளங்கலைப் பட்டம் அடிப்படைத் தேவை. செல்ட்டா படிப்பில் சேரப் பட்டம் கேட்கமாட்டார்கள், 18 வயதும் நல்ல ஆங்கிலமும் இருந்தால் சேரலாம். ஆனால் அதை முடித்துவிட்டு விசாவுக்குப் போனால் பட்டம் எங்கே என்பார்கள். எனவே பட்டத்தை முதலில் முடியுங்கள். தொலைநிலைக் கல்விப் பட்டத்தை ஏற்பதில் சில இடங்களில் தகராறு வரும். போக நினைக்கும் நாட்டின் நிலையைக் கேட்டுவிட்டுச் சேருங்கள்.

ஆன்லைன்ல 120 மணி நேர கோர்ஸ் சில ஆயிரம் ரூபாய்க்கு வருது. செல்ட்டாவுக்கு லட்சத்துக்கு மேல கேக்கிறாங்க. அப்படி என்ன வித்தியாசம்?

வித்தியாசம் நிஜ மாணவர்கள்தான். செல்ட்டாவில் பயிற்றுநரோடு குறைந்தது 120 மணி நேரம், இரண்டு வெவ்வேறு நிலை மாணவர்களுக்கு நீங்களே பாடம் எடுக்கும் 6 மணி நேரம், அனுபவமுள்ள ஆசிரியர்களின் வகுப்பை உட்கார்ந்து பார்க்கும் 6 மணி நேரம், நான்கு எழுத்துப் பணிகள். நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு பாடத்தையும் ஒருவர் பார்த்து மதிப்பிடுவார். வெளியிலிருந்து கேம்பிரிட்ஜ் அனுப்பும் மதிப்பீட்டாளரும் வருவார். மலிவான ஆன்லைன் படிப்பில் பெரும்பாலும் வீடியோ பார்த்து, சரியான விடையை டிக் செய்து முடித்துவிடலாம். ஒரு மாணவர் முகத்தைக்கூடப் பார்க்க வேண்டியதில்லை. மணிக்கணக்கு ஒன்றாக இருப்பதால் இரண்டும் ஒன்று என்று நினைக்க வேண்டாம்.

அதற்காக மலிவான படிப்பு எல்லாமே வீண் என்று சொல்லமாட்டேன். மேலே சொன்ன முதல் வேலைக்கு, அதாவது விசாத் தாளுக்கு, சில நாடுகளில் அது போதுமானதாக இருக்கிறது. ஏற்கெனவே வகுப்பறை அனுபவம் உள்ளவருக்கு அந்தத் தாள் மட்டும் குறையாக இருந்தால் வாங்கிக்கொள்ளட்டும். வகுப்பறையே பார்க்காதவர் அதை மட்டும் நம்பி விமானம் ஏறுவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

"உலகம் முழுக்க அங்கீகாரம்"னு போட்டிருக்காங்களே, நம்பலாமா?

ஆங்கிலம் கற்பிக்கும் சான்றிதழ்களுக்கு உலகம் முழுவதுக்கும் அங்கீகாரம் தரும் ஒற்றை அமைப்பு கிடையாது. அங்கீகாரம் என்பது நாடு, நிறுவனம் பொறுத்தது. முத்திரையில் இருக்கும் அமைப்பின் பெயரைத் தேடிப் பாருங்கள். அது அரசு அமைப்பா, இல்லை இதே மாதிரி நாலு கம்பெனிக்கு முத்திரை கொடுப்பதற்காகவே இருக்கிற அமைப்பா என்று தெரிந்துவிடும்.

இங்கிலாந்தில் முறைப்படுத்தப்பட்ட தகுதி என்று சொன்னால் சரிபார்க்க எளிய வழி இருக்கிறது. அங்கே தேர்வுகளைக் கண்காணிக்கும் ஆஃப்குவால் என்ற அரசு அமைப்பின் பதிவேடு இணையத்தில் பொதுவில் இருக்கிறது. தகுதிக்கு ஓர் எண் இருக்கும். அந்த எண்ணை விற்பவரிடம் கேளுங்கள். தரத் தயங்கினால் போனை வைத்துவிடுங்கள்.

நாலு வாரத்துல அப்படி என்னதான் சொல்லித் தர்றாங்க?

சில வாரங்களில் முடியும் தீவிரப் பயிற்சி என்ற முறையே 1962இல் லண்டனில் இன்டர்நேஷனல் ஹவுஸ் பள்ளியில் ஜான் ஹேக்ராஃப்ட் தொடங்கியது. அதன் வழிவந்ததுதான் இன்றைய செல்ட்டா. நிறையக் கோட்பாடு கிடையாது. காலையில் ஓர் உத்தி, மாலையில் அதை மாணவர்கள் முன்னால் செய்து காட்டு, ராத்திரி நாளைய பாடத்தைத் தயார் செய். அவ்வளவுதான். ஆனால் அது ஆளை உலுக்கிவிடும்.

செல்ட்டாவில் நான் எடுத்த முதல் பாடம் நாற்பது நிமிடம். அதற்கு முன் மெட்ரிக் பள்ளியில் நான்கு வருடம் வேலை பார்த்த தைரியத்தில் போனேன். போர்டில் "பிரசன்ட் பெர்ஃபெக்ட்" என்று எழுதி, அடிக்கோடு போட்டு, விதியைச் சொல்லி, உதாரணம் கொடுத்து, "புரிந்ததா?" என்று கேட்டேன். பன்னிரண்டு பேரும் தலையாட்டினார்கள். முடிந்ததும் பயிற்றுநர் ஒரு தாளைக் கொடுத்தார். நான் பேசியது 31 நிமிடம், மாணவர்கள் எல்லோரும் சேர்ந்து பேசியது 9 நிமிடம் என்று குறித்திருந்தார். ஒருவருக்கு ஒரு நிமிடம்கூட வரவில்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நான்கு வருடமாக எத்தனை பிள்ளைகளின் நேரத்தை நானே பேசித் தீர்த்திருக்கிறேன் என்ற நினைப்பு விடவில்லை.

அடுத்த நாள் "புரிந்ததா?" என்ற கேள்வியையே விடச் சொன்னார். "ஷி ஹாஸ் லிவ்ட் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்" என்று போர்டில் எழுதிவிட்டு, சின்னச் சின்னதாகக் கேட்க வேண்டும். அவள் இப்போது இங்கே இருக்கிறாளா? எப்போது வந்தாள்? சரி, "ஹாஸ்" என்ற சொல்லை அழித்துவிட்டால்? இப்போது இருக்கிறாளா? முதல் கேள்விக்கே பாதி வகுப்பு "இல்லை" என்றது. முந்தின நாள் அழகாகத் தலையாட்டியவர்கள்தான் அவர்கள். இந்த ஒரு பழக்கத்துக்காகவே கட்டிய பணம் தகும் என்று இன்றும் நினைக்கிறேன்.

பி.எட். முடிச்சு பத்து வருஷம் ஸ்கூல்ல வேலை பார்த்திருக்கேன். நானும் போய் நாலு வாரம் உக்காரணுமா?

நீங்கள் எங்கே வேலைக்குப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பள்ளிக்கூடம் என்றால் பி.எட்.தான் பேசும். வளைகுடாவில் இருக்கும் சி.பி.எஸ்.இ. பள்ளிகள் அதைத்தான் கேட்கின்றன. மாலத்தீவுப் பள்ளிகளுக்குத் தமிழ்நாட்டிலிருந்தும் கேரளாவிலிருந்தும் ஆசிரியர்கள் பல வருடங்களாகப் போய்க்கொண்டிருக்கிறார்கள், அவர்களும் பட்டமும் பி.எட்.டும் கொண்டு போனவர்கள்தான். நம் தாத்தா காலத்தில் எத்தியோப்பியாவுக்குப் போன வாத்தியார்களின் குடும்பங்கள் இன்றும் நம் ஊர்களில் இருக்கின்றன.

மொழிப் பயிற்சி மையம் என்றால் நிலைமை வேறு. அங்கே நேர்காணல் செய்பவருக்கு பி.எட். என்றால் என்னவென்றே தெரியாமல் இருக்கலாம். "ரெண்டு வருஷப் படிப்பை விட நாலு வாரச் சர்டிஃபிகேட் பெரிசா?" என்று கோபப்படுகிற ஆசிரியைகளை எனக்குப் புரிகிறது. பெரிது இல்லை. இரண்டும் வேறு வேலைக்கானவை. உங்களுக்கும் மாணவருக்கும் பொதுவாக ஒரு மொழியே இல்லாத வகுப்பில் எப்படி நடத்துவது என்று பி.எட்.டில் நமக்குச் சொல்லித் தருவதில்லை. பள்ளியில் பாதி நேரம் தமிழில் விளக்கித்தானே ஒப்பேற்றினோம்? பி.எட்.டோடு செல்ட்டாவும் சேர்ந்தவர் இரண்டு பக்கமும் போகலாம். என்னைக் கேட்டால் நம் ஊரிலிருந்து போவோரில் வலுவான நிலையில் இருப்பவர்கள் அவர்கள்தான்.

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு எந்த நாடு வேலை கொடுக்கும்? அதை முதல்ல சொல்லுங்க.

இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். படிப்புக்குப் பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய கேள்வி இது.

தென் கொரியாவில் ஆங்கில ஆசிரியருக்கான இ-2 விசா அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஏழு நாட்டுக்காரர்களுக்கானது. இந்தியாவும் கொரியாவும் செய்துகொண்ட, 2010இல் நடைமுறைக்கு வந்த பொருளாதார ஒப்பந்தத்தில் இந்தியர்கள் உதவி ஆங்கில ஆசிரியராகப் போக ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அதற்குப் பட்டத்தோடு முறையான ஆசிரியர் தகுதியும் வேண்டும். அதாவது அங்கே உதவக்கூடியது பி.எட்., செல்ட்டா இல்லை. சீனாவிலும் ஆங்கிலம் தாய்மொழியாகப் பேசும் நாட்டுக் குடிமக்களுக்குத்தான் விதி சாதகம். ஜப்பானில் மற்ற நாட்டுக்காரர்களிடம் குறைந்தது 12 வருடம் ஆங்கில வழியில் படித்ததற்கான சான்று கேட்பார்கள். ஆங்கில மீடியத்தில் படித்தவர்கள் பள்ளியிலிருந்து பயிற்றுமொழிச் சான்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஊரை விட்டுப் போனபின் அலைய வேண்டாம்.

தாய்லாந்தில் ஆசிரியர் உரிமம் தரும் அமைப்பின் பெயர் குருசபா. நம் குருசபைதான்! அந்தப் பெயரை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆங்கிலம் தாய்மொழி இல்லாதவர்களிடம் அங்கே டோயிக் என்ற ஆங்கிலத் திறன் தேர்வில் 600 மதிப்பெண் கேட்பது வழக்கம். வியட்நாமில் மொழி மையங்களுக்கான விதியில், தாய்மொழிக்காரர் கணக்கில் வராதவருக்கு ஆங்கிலத்திலேயே பட்டம் இருந்தால் வழி சுலபம். இஞ்சினியரிங் மாதிரி வேறு பட்டம் என்றால் சி1 நிலை (ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோலில் உயர்ந்த நிலைகளில் ஒன்று) ஆங்கிலத் தேர்ச்சியும் கற்பிக்கும் சான்றிதழும் சேர்த்துக் காட்ட வேண்டும். இலக்கியம் படித்தால் என்ன வேலை என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்: என் பி.ஏ. ஆங்கில இலக்கியம் அங்கே செல்ட்டாவை விட எனக்கு உதவியது. விதிகள் அடிக்கடி மாறும், விண்ணப்பிக்கிற மாதத்தில் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் பிளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம். எனக்கெல்லாம் வாய்ப்பு இருக்கா?

இருக்கிறது. மேலே சொன்ன ஜப்பானின் 12 வருட விதிதான் உங்களுக்குத் தடை. தாய்லாந்திலும் வியட்நாமிலும் தேர்வு மதிப்பெண், பட்டம், சான்றிதழ் இவைதான் பேசும். செல்ட்டாவில் சேர சி1 நிலையின் மேல்பகுதி அளவுக்காவது ஆங்கிலம் வேண்டும். நுழைவுத் தேர்விலும் நேர்காணலிலும் அதைப் பார்ப்பார்கள். ஐஈஎல்டிஎஸ் எழுதி 7.5 பக்கத்தில் வந்தால் தைரியமாக விண்ணப்பிக்கலாம்.

இன்னொன்று சொல்ல வேண்டும். நீங்கள் ஆறாம் வகுப்பில் ஆங்கில வாக்கியத்தைப் பார்த்துப் பயந்த பயம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்தப் பயத்தோடு எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு எங்கே தடுக்கும் என்று ஆங்கிலத்திலேயே வளர்ந்தவரை விட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

"நேட்டிவ் ஸ்பீக்கர் மட்டும்"னு விளம்பரம் போடுறாங்க. நல்ல சர்டிஃபிகேட் இருந்தா அதை உடைக்க முடியுமா?

பாதி உடையும். ஆவணத் தடையைச் சான்றிதழ் நீக்கும். பெற்றோரும் மைய நிர்வாகமும் மனதில் வைத்திருக்கும் முகத்தை அது மாற்றாது. நான் வேலை பார்த்த ஒரு மையத்தில், செல்ட்டாவோ அனுபவமோ எதுவும் இல்லாமல் வந்த வெள்ளைக்கார இளைஞருக்கு மணிக்கு என்னை விட அதிகமாகக் கொடுத்தார்கள். பாடம் எப்படி எடுப்பது என்று என்னிடம்தான் வந்து கேட்பார். நல்ல பையன். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் சம்பளத் தாளைப் பார்க்கும் ஒவ்வொரு மாதமும் வலித்தது. இதை மறைத்து உங்களை அனுப்ப எனக்கு மனசு வரவில்லை.

இது தவறு என்று இந்தத் துறையே ஒப்புக்கொண்டிருக்கிறது. ஆங்கில ஆசிரியர்களின் சர்வதேச அமைப்பு ஒன்று இருக்கிறது, அதன் பெயரும் டெசால்தான். அது தாய்மொழி அடிப்படையில் ஆசிரியர்களிடம் பாகுபாடு காட்டுவதை எதிர்த்து 2006இல் வெளிப்படையாக அறிக்கை விட்டது. அந்த அமைப்பின் ஆய்விதழான டெசால் குவாட்டர்லிக்குப் பதிப்பாசிரியராக இருந்தவர் சுரேஷ் கனகராஜா, யாழ்ப்பாணத் தமிழர். போர்க்காலத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்தவர். மனது உடைகிறபோது அவரைத்தான் நினைத்துக்கொள்வேன்.

நடைமுறையில் ஒன்று செய்யலாம். "டெமோ கிளாஸ் ஒன்று எடுக்க விடுங்கள், அப்புறம் முடிவு செய்யுங்கள்" என்று கேளுங்கள். எனக்கு இரண்டு வேலைகள் அப்படிக் கிடைத்தவைதான். சான்றிதழின் மூன்றாவது வேலை கைகொடுப்பது அந்த டெமோ வகுப்பில்தான்.

என் உச்சரிப்பை அமெரிக்கன் மாதிரி மாத்திக்கணுமா?

வேண்டாம். தெளிவாகப் பேசினால் போதும். ஆனால் நம் நாக்கின் பழக்கம் என்ன என்று தெரிந்திருக்க வேண்டும்.

வியட்நாம் பிள்ளைகள் ஆங்கிலச் சொல்லின் கடைசி மெய்யை விழுங்கிவிடுவார்கள். லைக், லைட், லைஃப் மூன்றும் அவர்கள் வாயில் "லை" என்றே கேட்கும். நாம் அதற்கு நேர் எதிர். கடைசி மெய்யைத் தனியாக விட மனசு வராமல் ஓர் உகரத்தைச் சேர்த்துவிடுவோம்: பஸ்ஸு, புக்கு, ரோடு. ஒரு நாள் எட்டு வயதுப் பெண் ஒருத்தி, "கோ ஓய்!" என்று கையைத் தூக்கினாள். அங்கே ஆசிரியையை அப்படித்தான் கூப்பிடுவார்கள். நான் சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னாள்: "புக்கு". எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர்கள் விடுவதை நான் ஒட்ட வைத்துக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து வாய்க்கு முன்னால் ஒரு சின்னத் தாள் துண்டைப் பிடித்துக்கொண்டு, "லைஃப்" சொல்லும்போது கடைசியில் தாள் ஆடுகிறதா என்று அவர்களும் நானும் சேர்ந்தே பழகினோம். செல்ட்டாவில் ஒலியியல் பகுதி வரும்போது கவனமாக இருங்கள். நமக்கு அதிகம் உதவக்கூடியது அதுதான்.

சர்டிஃபிகேட் எல்லாம் ரெடி. அப்போஸ்டில், அட்டெஸ்டேஷன்னு சொல்றாங்களே, அது என்ன?

உங்கள் தாள் உண்மையானது என்று அரசாங்கம் குத்தும் முத்திரை. பட்டச் சான்றிதழை முதலில் மாநில அரசின் சரிபார்ப்புக்குக் கொடுத்து, பிறகு இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரை வாங்க வேண்டும். ஒரு நாட்டின் முத்திரையை மற்ற நாடுகளும் ஏற்கும் ஹேக் உடன்படிக்கை என்று ஒன்று உண்டு. போகும் நாடு அதில் இருந்தால் அப்போஸ்டில் என்கிற அந்த அமைச்சக முத்திரையோடு முடிந்தது. இந்தியா 2005 முதல் அதில் இருக்கிறது. ஜப்பான், கொரியா, ஓமன், பஹ்ரைன், 2022 முதல் சவுதி, 2023 முதல் சீனா ஆகியவையும் இருக்கின்றன. அமீரகம் மாதிரி அதில் சேராத நாடு என்றால் அந்த நாட்டுத் தூதரகத்தின் முத்திரையும் வேண்டும். வியட்நாமுக்கு நான் போனபோது தூதரக முத்திரை, அங்கே போய் வியட்நாமிய மொழிபெயர்ப்பு, அதற்கு நோட்டரி என்று ஒரு சுற்று இருந்தது. போலீஸ் சான்றிதழைப் பாஸ்போர்ட் அலுவலகம் மூலம் வாங்கலாம், கட்டணம் 500 ரூபாய். வாங்கி ஆறு மாதத்துக்கு மேல் ஆனதை எடுக்கமாட்டார்கள் என்பதால் கடைசியில் எடுங்கள்.

இரண்டு இடத்தில் நம் ஆட்கள் மாட்டுவார்கள். முதலாவது இனிஷியல். பட்டத்தில் "ஆர். கவிதா", பாஸ்போர்ட்டில் "கவிதா ராமசாமி" என்று இருந்தால் இருவரும் ஒருவரா என்று வெளிநாட்டு அதிகாரிக்கு எப்படித் தெரியும்? அவருக்கு இனிஷியல் என்ற வழக்கமே தெரியாது. பாஸ்போர்ட் எடுக்கும்போதே யோசியுங்கள். எடுத்தாகிவிட்டது என்றால் இரண்டு பெயரும் ஒருவரே என்று நோட்டரி பிரமாணப் பத்திரம் தயாராக வைத்திருங்கள்.

இரண்டாவது, ஒரு தாள் எந்த நாட்டில் வெளியானதோ அந்த நாட்டில்தான் அதற்கு முத்திரை வாங்க வேண்டும். அமெரிக்கக் கம்பெனியின் ஆன்லைன் சான்றிதழுக்கு அமெரிக்காவில், இங்கிலாந்தில் வெளியாகும் செல்ட்டாவுக்கு இங்கிலாந்தில். நாலாயிரம் ரூபாய்ப் படிப்புக்கு முத்திரைச் செலவு அதைவிட அதிகமாகிவிட்ட கதை உண்டு. சேரும் முன்பே இந்தக் கணக்கையும் போட்டுவிடுங்கள்.

ஏஜென்ட் டூரிஸ்ட் விசால போகச் சொல்றார். அங்க போய் மாத்திக்கலாமாம். போகட்டுமா?

போகாதீர்கள். ஒர்க் பெர்மிட் இல்லாமல் வகுப்பில் நின்றால் அபராதமும் நாடு கடத்தலும் உங்களுக்குத்தான், ஏஜெண்டுக்கு இல்லை. சம்பளம் கொடுக்கவில்லை என்றாலும் புகார் செய்ய முடியாது. உங்கள் தகுதிக்கு நிஜமாகவே ஒர்க் பெர்மிட் கிடைக்கும் என்றால் வேலை கொடுப்பவர் அதற்கான தாள்களை நீங்கள் கிளம்பும் முன்பே கேட்பார். யாரும் உங்கள் பட்டத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை என்றால் அங்கேயே புரிந்துகொள்ளுங்கள்.

கம்மி செலவுல இந்தியாவுலயே படிக்க ஒண்ணுமே இல்லையா?

இருக்கிறது. ஹைதராபாத்தில் 1958இல் மத்திய ஆங்கில நிறுவனமாகத் தொடங்கியதுதான் இன்றைய ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகம். ஆங்கிலம் கற்பித்தலில் அங்கே முதுநிலைச் சான்றிதழ், டிப்ளமோ படிப்புகள் உண்டு. இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலும் ஆங்கிலம் கற்பித்தலுக்கு ஒரு சான்றிதழ் படிப்பு இருக்கிறது. பாடத்தின் ஆழத்தில் இவற்றுக்குக் குறையே கிடையாது. வெளிநாட்டு மொழி மையங்களுக்கு இந்தப் பெயர்கள் பழக்கமில்லை என்பதுதான் சிக்கல். மூன்றாவது வேலைக்கு நல்லது, இரண்டாவது வேலைக்கு இன்னொரு தாள் தேவைப்படலாம்.

அடுத்து எம்.ஏ. பண்ணவா, டெல்ட்டா பண்ணவா?

இரண்டு வருடமாவது வகுப்பறையில் நின்ற பிறகு இந்தக் கேள்விக்கு வாருங்கள். டெல்ட்டா என்பது செல்ட்டாவுக்கு மேலே, இங்கிலாந்து வரிசையில் 7ஆம் நிலையில், மூன்று பகுதிகளாக இருக்கும் படிப்பு. மொழி மையத்தில் மூத்த ஆசிரியர், பயிற்றுநர், கல்வி மேலாளர் என்று ஏற நினைப்பவர்களுக்கு அது. வளைகுடாவில் கல்லூரி, பல்கலைக்கழக வேலை வேண்டும் என்றால் எம்.ஏ. இல்லாமல் நகராது, அதிலும் மொழியியல் அல்லது ஆங்கிலம் கற்பித்தலில் எம்.ஏ. என்றால் நல்லது.

வெளிநாடே போகாம, வீட்டுல இருந்து சீனப் பசங்களுக்கு ஆன்லைன்ல எடுக்கலாம்னு சொல்றாங்களே?

அந்தக் காலம் முடிந்தது. 2021 ஜூலையில் சீன அரசு தனியார் டியூஷன் தொழிலுக்குக் கடும் கட்டுப்பாடு கொண்டுவந்தது. வெளிநாட்டில் இருக்கும் ஆசிரியர்களை வைத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பதையும் தடை செய்தது. பெரியவர்களுக்கு ஆன்லைனில் எடுக்க வாய்ப்பு உண்டு, அதற்குச் சான்றிதழை விடப் பழைய மாணவர்களின் நல்ல வார்த்தைதான் அதிகம் உதவும்.

திரும்பி ஊருக்கு வந்தா அந்த சர்டிஃபிகேட்டுக்கு இங்க மதிப்பு இருக்கா?

அரசுப் பள்ளியில் இல்லை. அங்கே பி.எட்., டெட் தேர்வு என்று தனி வழி. கல்லூரியில் நெட் அல்லது செட். செல்ட்டாவைக் காட்டினால் ஃபைலில் சேர்த்து வைப்பார்கள், அவ்வளவுதான். தனியார் பயிற்சி நிறுவனங்களும் ஐஈஎல்டிஎஸ் வகுப்பு நடத்துபவர்களும் மதிப்பார்கள்.

நான் இப்போது வீட்டு மாடியில் மாலை வகுப்பு நடத்துகிறேன். நர்சிங் முடித்துவிட்டு வெளிநாட்டு வேலைக்குத் தேர்வு எழுதும் பெண்கள் பதினோரு பேர். என் சான்றிதழ் பீரோவில் இருக்கிறது; அவர்களில் யாரும் அதைப் பார்க்கக் கேட்டதில்லை. போன வாரம் ஒரு பெண் தோழியிடம் மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது: "இந்த மிஸ் புரிஞ்சுதான்னு கேக்கவே மாட்டாங்கடி, அதுக்குப் பதிலா நம்மளையே பேச வெச்சிடுவாங்க."